தையல் மெசினோடு முதல் மாதம்: வன்னி வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

இலங்கையின் வடக்கே, வன்னியில் பல வீடுகளில் தையல் மெசின் இருக்கிறது, தைப்பவர்தான் இல்லை. 2009இல் போர் முடிந்து மக்கள் மீளக்குடியமர்ந்த காலத்தில், வாழ்வாதார உதவியாகக் கோழிக்கூடுகளோடும் விதைநெல்லோடும் தையல் மெசின்களும் வந்தன. அவற்றில் பல இன்றும் குடும்பத்துக்குச் சோறு போடுகின்றன. சில மட்டும், பூப்போட்ட துணி விரித்து அதன் மேல் தொலைக்காட்சிப் பெட்டி வைத்த மேசையாக மூலையில் நிற்கின்றன. ஏன் என்று கேட்டால் "அது பழுது" என்பார்கள். துணியை எடுத்துப் பார்த்தால் ஊசி திரும்பியிருக்கும், அல்லது பழைய எண்ணெய் காய்ந்து இறுகியிருக்கும். மெசினுக்கு வேறு குறை இருக்காது.

தையல் கற்பவர்கள் பெரும்பாலும் அளவெடுப்பதிலும் வெட்டுவதிலும் தொடங்கிவிடுகிறார்கள். மெசினைப் பழகுவதை யாரும் ஒரு பாடமாக எடுப்பதில்லை. நகரத்தில் அது பரவாயில்லை. தெருமுனையில் பழுது பார்ப்பவர் இருப்பார். மல்லாவியிலோ, முத்தையன்கட்டிலோ, நெடுங்கேணியிலோ இருப்பவருக்கு அவர் ஒரு பஸ் பயணத் தூரத்தில் இருக்கிறார். ஆகவே இந்தக் கட்டுரையில் சட்டை வெட்டும் கலை இல்லை. மெசினை நேராக ஓட்டவும், நூலை ஒழுங்காகக் கோக்கவும், சின்னக் கோளாறுகளை வீட்டிலேயே தீர்க்கவும் வேண்டியது மட்டும் இருக்கிறது.

எந்த மெசின்

தொடங்குபவருக்குக் கால் மெசினே நல்லது என்பது என் உறுதியான எண்ணம். எவ்வளவு மெதுவாக மிதிக்கிறீர்களோ அவ்வளவு மெதுவாக ஓடும். ஒரு தையல் போட்டுவிட்டு நிறுத்தலாம். மின்சாரமும் வேண்டாம். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது, கால் மெசின் வைத்திருந்தவர்களின் வேலை மட்டும் நிற்கவில்லை. பழைய கறுப்பு மெசின்களின் உள்ளமைப்பு பல பத்தாண்டுகளாகப் பெரிதாக மாறாததால் ஊசி, பொபின் (கீழ்நூல் சுற்றும் சிறு உருளை), பொபின் கேஸ் (அது இருக்கும் கூடு) எல்லாம் எளிதாகக் கிடைக்கும்.

ஜப்பானிலிருந்து வரும் பாவித்த மின் மெசின்களை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்போமர் இல்லாமல் நேரடியாகச் செருகினால் மோட்டர் கருகிவிடும். மெசினின் பின்புறத் தகட்டில் எழுதியிருக்கும் வோல்ட் அளவைப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். கிளிநொச்சி அறிவியல்நகர் போன்ற இடங்களில் ஆடைத் தொழிற்சாலைக்குப் போனவர்கள் ஜூகி என்ற தொழிற்சாலை மெசினில் கை பழகியிருப்பார்கள். அது நிமிடத்துக்கு நாலாயிரம் தையலுக்கு மேல் போடக்கூடியது. வீட்டில் தலையணை உறை தைக்க அந்த வேகம் தேவையில்லை. அதன் உருண்டைக் காம்பு ஊசி வீட்டு மெசினுக்குப் பொருந்தவும் பொருந்தாது.

பாவித்த மெசினை வாங்கும்போது, மேலே உள்ள கைச்சில்லைக் கையால் உங்கள் பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் மட்டும் பிடித்தால் உள்ளே ஏதோ வளைந்திருக்கலாம். எங்கும் ஒரேயளவு இறுக்கமாக இருந்தால் பயமில்லை, அது காய்ந்த எண்ணெய்தான். கீழே பெரிய சில்லும் மிதிபலகையும் ஆடாமல் இருக்க வேண்டும். மேசைப் பலகையின் அடிப்பக்கத்தைத் தட்டிப் பாருங்கள். பொத்துப்போன சத்தம் வந்தால் கறையான் உள்ளே போய்விட்டது. பொபின் கேஸ் கையில் வந்த பிறகே பணத்தைக் கொடுங்கள். இரண்டு மடிப்புத் துணியில் ஒரு முழம் தைத்துக் காட்டச் சொல்வதில் வெட்கம் வேண்டாம்.

நூல் இல்லாமல் ஓட்டுதல்

மெசினை வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வரும்படி யன்னலருகே வையுங்கள். மண்தரை என்றால் நான்கு கால்களின் கீழும் தட்டையான கல்லோ பலகைத் துண்டோ வைத்து மட்டம் பாருங்கள். ஆடுகிற மெசினில் யாரும் நேராகத் தைக்க முடியாது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு மிதிப்பது நல்லது. சேலைத் தலைப்பையும் பின்னலையும் முன்கூட்டியே செருகிக் கொள்ளுங்கள். பெல்ட் ஓடும் இடத்தில் தொங்கும் எதையும் அது இழுக்கும். வீட்டில் நடை பழகும் குழந்தை இருந்தால், நீங்கள் மிதிக்கும்போது கீழே பெரிய சில்லின் பக்கம் வராமல் பார்க்க ஒருவர் வேண்டும்.

கைச்சில்லின் நடுவில் ஒரு சிறிய வட்டத் திருகு இருக்கும். சில்லை இடது கையால் பிடித்துக்கொண்டு அந்தத் திருகை உங்கள் பக்கமாகத் தளர்த்தினால், சில்லு சுற்றும், ஊசி அசையாது. இப்போது மிதித்துப் பழகுங்கள். வலது கையால் கைச்சில்லை உங்கள் பக்கமாக இழுத்துவிட்டு, அது சுற்றத் தொடங்கியதும் கால்களால் தொடர வேண்டும். ஒரு கால் சற்று மேலேயும் மற்றக் கால் சற்றுக் கீழேயும் இருந்தால், குதிக்காலும் விரல்பக்கமும் மாறி மாறி அழுத்துவது எளிது. தொடக்கத்தில் சில்லு எதிர்ப்பக்கம் திரும்பும், எல்லோருக்கும் திரும்பும். தைக்கும்போது அப்படித் திரும்பினால் நூல் சிக்கி அறும். ஆகவே கையை வைக்காமலே சரியான பக்கம் தொடங்கவும், நினைத்த இடத்தில் நிறுத்தவும் வரும்வரை இதை விடாதீர்கள். சலிப்பான வேலைதான். ஆனால் இதைத் தாண்டி ஓடியவர்கள் பிறகு துணியைக் குற்றம் சொல்வார்கள்.

அடுத்தது கடதாசி. வட்டத் திருகை இறுக்கி, பழைய ஊசி ஒன்றைப் போட்டு, நூல் கோக்காமல், பிள்ளைகளின் ஒற்றை றூள் கொப்பியில் பாவித்த தாள் ஒன்றை எடுத்துக் கோட்டின் மேல் தையுங்கள். துளைகள் கோட்டில் விழ வேண்டும். கண் ஊசியைப் பார்க்கக் கூடாது. ஊசியருகே துணியை அழுத்திப் பிடிக்கும் இரும்புப் பாதத்தின் ஓரத்துக்கு முன்னால் உள்ள கோட்டைப் பார்க்க வேண்டும். தாளை இழுக்கவோ தள்ளவோ வேண்டாம். அடியில் உள்ள பற்கள் அதை நகர்த்தும். கைகள் திசையை மட்டும் காட்டினால் போதும். இழுத்தால் ஊசி வளைந்து தகட்டில் மோதி உடையும்.

நேர்க்கோடு வந்த பிறகு சதுர றூள் தாளில் மூலை திரும்பப் பழகுங்கள். மூலையில் ஊசி தாளுக்குள் இறங்கி நிற்க வேண்டும். பாதத்தைத் தூக்கி, தாளைத் திருப்பி, பாதத்தை இறக்கித் தொடருங்கள். பிறகு ஒரு தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து வட்டம் வரைந்து அதைச் சுற்றி ஓட்டுங்கள். கடதாசி ஊசியை மழுக்கிவிடும் என்பதால் இந்த ஊசியைத் துணிக்குப் பாவிக்காமல் தனியாக வையுங்கள்.

ஊசியும் நூலும்

தையல் மெசினில் இரண்டு நூல்கள் இருக்கின்றன. மேல்நூலை ஊசி துணிக்குள் இறக்குகிறது. கீழே சுழலும் கொக்கி அதில் ஒரு வளையத்தைப் பிடித்துப் பொபினைச் சுற்றி எடுத்துவருகிறது. இரண்டும் துணியின் நடுவில் பின்னிக்கொள்வதே தையல். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிக் கோளாறுகளின் காரணம் தானாகவே தெரியும்.

ஊசியின் காம்பில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். எதிர்ப்பக்கத்தில் கண்வரை நீண்ட ஒரு பள்ளம் ஓடும். மேல்நூல் அந்தப் பள்ளத்தின் பக்கத்திலிருந்தே கண்ணுக்குள் நுழைய வேண்டும். கறுப்பு மெசின்கள் பலவற்றில் நூல் வலமிருந்து இடமாக நுழையும். புதிய மெசின்களில் பெரும்பாலும் முன்னிருந்து பின்னால். உங்கள் மெசினில் ஊசிக்கு மேலே கடைசியாக நூல் செல்லும் கம்பி எந்தப் பக்கம் இருக்கிறதோ, பள்ளமும் அந்தப் பக்கம் பார்க்கட்டும். ஊசியை மேலே முட்டும்வரை தள்ளிவிட்டுத் திருகை இறுக்குங்கள். ஒரு நெல்லளவு இறங்கியிருந்தாலும் தையல் விட்டுவிட்டு விழும்.

எண்ணைப் பொறுத்தவரை, மெல்லிய வொயில் துணிக்கு 11, சாதாரண கொட்டனுக்கும் படுக்கை விரிப்புக்கும் பாடசாலைச் சீருடைக்கும் 14, ஜீன்சுக்கு 16. சில பைக்கற்றுகளில் இதையே 75, 90, 100 என்று அச்சிட்டிருப்பார்கள். எட்டு மணித்தியாலத் தையலுக்கு ஓர் ஊசி என்பது பொதுவான கணக்கு. நம் வீடுகளில் ஒரே ஊசி வருடக்கணக்கில் ஓடுகிறது, அது வேறு. துணியில் இறங்கும்போது 'டக் டக்' என்று சத்தம் கேட்டால் முனை மழுங்கிவிட்டது, மாற்றுங்கள்.

பொபினில் நூல் சுற்றும்போது நடுத்திருகைத் தளர்த்தி, ஊசியை ஓய்வில் விட்டுவிட்டுச் சுற்றுங்கள். நூல் மேடுபள்ளமில்லாமல் சீராக ஏற வேண்டும். விளிம்பு வழியும்வரை நிரப்ப வேண்டாம். பொபின் கேஸில் போட்டதும் அதை நூலில் தொங்கவிட்டுப் பாருங்கள். தானாக விழக் கூடாது. கையைச் சிறிது உதறினால் ஓரிரு அங்குலம் இறங்க வேண்டும். அப்படியென்றால் கீழ்நூலின் இறுக்கம் சரி. பொபின் கேஸில் உள்ள சிறு திருகை வேறு எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள். மெசினுக்குள் வைக்கும்போது 'கிளிக்' என்று பொருந்தும் சத்தம் கேட்க வேண்டும்.

மேல்நூல் கோக்கும் நேரம் பாதம் மேலே தூக்கியிருக்க வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒரு வரியை மட்டும் சுவரில் எழுதி ஒட்டச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். பாதம் மேலே இருக்கும்போதுதான் நூலைப் பிடிக்கும் இரண்டு இறுக்கத் தட்டுகளும் விலகியிருக்கும். பாதம் கீழே இருக்கக் கோத்தால் நூல் தட்டுகளுக்கு வெளியே தங்கி, துணியின் அடியில் கூடு கட்டும். நூல் கட்டையிலிருந்து தட்டுகள், தட்டுகளிலிருந்து மேலும் கீழும் ஆடும் கரத்தின் துளை, அங்கிருந்து ஊசி என்று வரிசை தப்பாமல் கோத்துவிடுங்கள்.

கோத்த பிறகு மேல்நூலின் நுனியை இடது கையில் தளர்வாகப் பிடித்துக்கொண்டு கைச்சில்லை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். கீழ்நூல் ஒரு வளையமாக மேலே வரும். இரண்டு நூல்களையும் பாதத்தின் அடியால் பின்பக்கம் விட்டு நான்கு அங்குலம் நீளமாக வைத்து, முதல் சில தையல்களுக்கு அவற்றைப் பிடித்திருங்கள். தைத்து முடித்துத் துணியை எடுக்கும்போது, ஆடும் கரம் உச்சியில் நிற்கும்படி சில்லைத் திருப்பிவிட்டுத்தான் பாதத்தைத் தூக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த தையலின் தொடக்கத்தில் நூல் ஊசியிலிருந்து உருவிக்கொள்ளும்.

இறுக்கம் பார்க்கும் முதல் சில நாட்களுக்கு மேலே சிவப்பு நூலும் கீழே நீல நூலும் போடுங்கள். துணியின் மேற்பக்கம் நீலப் புள்ளி தெரிந்தால் மேல்நூல் அதிகம் இறுக்கம். அடியில் சிவப்பு வளையமாகத் தொங்கினால் மேல்நூல் தளர்வு, அல்லது தட்டுகளுக்குள் போகவில்லை. மேல்நூலின் இறுக்கத் திருகைத் தொடுவதற்கு முன் ஒருமுறை முழுவதும் கழற்றிக் கோத்துப் பாருங்கள். பெரும்பாலும் அதோடு சரியாகிவிடும்.

முதல் துணி

பழைய சாரம், பழைய படுக்கை விரிப்பு. இவற்றைவிட நல்ல பயிற்சித் துணி இல்லை. வழுக்கும் சற்றினும் இழுபடும் பனியன் துணியும் இப்போது வேண்டாம். பிள்ளைக்கு அரசாங்கம் தந்த வெள்ளைச் சீருடைத் துணியை எடுத்து முதல் பாடம் படிக்க ஆசை வரும். தை மாதம் பாடசாலை தொடங்குகிற அவசரமும் இருக்கும். அதைத் தெரிந்தவரிடமே கொடுத்துவிடுங்கள். வெள்ளையில் பிரித்த தையலின் துளையும் எண்ணெய்க் கறையும் போகாது.

முதலில் தைக்க வேண்டியது தலையணை உறை. எல்லாமே நேர்த்தையல், பொத்தான் இல்லை, பிழைத்தாலும் வீட்டுக்குள்தான் இருக்கும். 26 அங்குல நீளமும் 17 அங்குல அகலமும் உள்ள தலையணைக்கு, 60 அங்குல நீளம், 18 அங்குல அகலமான ஒரே துண்டு வேண்டும். 60 அங்குலம் என்பது அளவு நாடாவின் முழு நீளம். புதிய கொட்டன் என்றால் வெட்டுமுன் நனைத்துக் காயவையுங்கள், சுருங்கும். குறிபோடச் சோக்குத் தேடி அலைய வேண்டாம். தேய்ந்து மெலிந்த சவர்க்காரத் துண்டு போதும்.

துண்டின் இரண்டு குறுகிய ஓரங்களையும் கால் அங்குலம் ஒருமுறை, பிறகு முக்கால் அங்குலம் ஒருமுறை உள்ளே மடித்து அழுத்தி, மடிப்பின் ஓரத்தில் தையுங்கள். இப்போது நீளம் 58 அங்குலம். துணியின் நல்ல பக்கம் மேலே பார்க்கும்படி பாயில் விரியுங்கள். இடது முனையைத் தூக்கி, நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி 26 அங்குலத்துக்கு வலப்பக்கமாக மடியுங்கள். வலப்பக்கம் 6 அங்குலம் மீதி இருக்கும். அதை மடித்த பகுதியின் மேல் இடப்பக்கமாகப் போடுங்கள். மேலும் கீழும் உள்ள இரண்டு நீள ஓரங்களுக்கும் குண்டூசி குத்தி, அரை அங்குலம் உள்ளே தையுங்கள். ஊசி குண்டூசியை நெருங்கும்போது அதை உருவிவிட வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் நாலைந்து தையல் முன்பின்னாக ஓட்டினால் அவிழாது. பின்னோக்கி ஓடாத பழைய மெசின் என்றால் துணியைத் திருப்பி அதே கோட்டில் கொஞ்சம் தைக்கலாம். ஓர நூல் பிரியாமல் இருக்க, கால் அங்குலம் வெளியே இன்னொரு வரி ஓட்டுங்கள். புரட்டி எடுத்தால் அந்த 6 அங்குலமும் உள்ளே போய்த் தலையணையை மூடிக்கொள்ளும்.

தையல் நீளம் இரண்டரை மில்லிமீற்றரில் இருக்கட்டும். அங்குலத்துக்குப் பத்துத் தையல் அளவில் வரும். நான்கைந்து உறைகளுக்குப் பிறகு நாடா கோத்த உள்பாவாடை, பிறகு காற்சட்டையின் நீளம் குறைத்தல். அயல் வீடுகளிலிருந்து முதலில் வரும் கூலிவேலையும் பெரும்பாலும் இந்தக் காற்சட்டைக் கால்தான்.

சேலைச் சட்டை தைக்க ஆசை வந்தால் ஒரு வகுப்புக்குப் போவதே சரி. கைக்குழியையும் மார்புச் சுருக்கையும் எழுத்தில் படித்துக் கற்பது கடினம். கிராம மட்டத்தில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திடமும், பிரதேச செயலகத்திலும், தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்களிலும் விசாரியுங்கள். தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் கிடைக்கும் பயிற்சியா என்று கேட்டு வையுங்கள்; பிறகு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உதவும். ஒன்றை மட்டும் கடுமையாகச் சொல்கிறேன்: கற்கத் தொடங்கும்போதே நுண்கடன் எடுத்துப் புது மின் மெசின் வாங்க வேண்டாம். வாரத் தவணை வாங்க வருபவர் உங்கள் கை பழகும்வரை காத்திருக்க மாட்டார்.

புழுதியும் மாரியும்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் செம்மண் புழுதி எண்ணெயோடு சேர்ந்து பசையாகும். மாரியில் இரும்பு துருப்பிடிக்கும். ஆகவே தைத்து முடித்ததும் பாதத்தின் கீழ் ஒரு துணித் துண்டை வைத்து, பாதத்தை இறக்கி, முழுவதையும் மூடி வையுங்கள். மழைக்காலத்தில் தைக்க ஒன்றுமில்லை என்றாலும் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை சிறிது ஓட்டுங்கள்.

தையல் மெசின் எண்ணெய் மட்டுமே விடுங்கள். தேங்காய் எண்ணெய் நாளடைவில் இறுகிப் பிசினாகும். மூலையில் கிடக்கும் மெசின்களில் பாதியை அதுதான் கொன்றது. ஒவ்வொரு துளைக்கும் ஒரு துளி, கொக்கி சுழலும் இடத்துக்கு ஒரு துளி. நூலில்லாமல் சிறிது ஓட்டி, பழைய துணியில் தைத்து, வழிந்ததைத் துடைத்துவிடுங்கள். பற்களுக்கு மேலுள்ள தகட்டைக் கழற்றி, அடியில் அடைந்திருக்கும் பஞ்சை ஒரு பழைய பல்துலக்கியால் எடுங்கள். ஏற்கெனவே இறுகிப்போன மெசின் என்றால் துளைகளில் சிறிது மண்ணெண்ணெய் விட்டு, ஓரிரவு வைத்து, மெதுவாகச் சில்லைச் சுற்றிப் பழைய பிசின் வெளியே வந்ததும் துடைத்துவிட்டு, அதன்பின் எண்ணெய் விட வேண்டும். நெருப்புக்கும் அடுப்புக்கும் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம்.

தோல் பெல்ட் நாளாக நாளாக நீளும். மிதித்தால் கீழ்ச்சில்லு சுற்றுகிறது, மேற்சில்லு வழுக்குகிறது என்றால், பெல்டை இணைக்கும் கம்பியைக் கழற்றி, அரை அங்குலம் வெட்டி, புதுத் துளையிட்டு மறுபடி கோத்துவிடுங்கள்.

பழுது என்று சொல்லும் முன்

மேல்நூல் அறுந்துகொண்டே இருந்தால் முதலில் நூலையே சந்தேகியுங்கள். கடைக் கண்ணாடியில் வெயில் பட்டுக் கிடந்த நூலைக் கையால் இழுத்தாலே பட்டென்று அறும். அது நல்ல நூல் என்றால் மறுபடி கோத்துப் பாருங்கள், பிறகு ஊசியை மாற்றுங்கள், அதன் பிறகே இறுக்கத்தைத் தொடுங்கள். தையல் விட்டுவிட்டு விழுந்தால் ஊசி திரும்பியிருக்கிறது, இறங்கியிருக்கிறது, அல்லது துணிக்குப் பொருந்தாத எண். ஊசி உடைந்தால் துணியை இழுத்திருக்கிறீர்கள், அல்லது தடித்த மடிப்பில் வேகமாக ஏறியிருக்கிறீர்கள். அந்த இடத்தில் மிதிக்காமல் கையால் சில்லைச் சுற்றிக் கடக்கலாம். துணி நகராவிட்டால் தையல் நீளம் பூச்சியத்தில் நிற்கிறதா, பாதம் இறங்கியிருக்கிறதா, பற்களுக்குள் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று பாருங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகும் ஓடவில்லை என்றால்தான் கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ பஸ். இரும்புச் சட்டத்தோடு முழு மெசினையும் தூக்கிப் போக வேண்டியதில்லை. பெல்டைக் கழற்றி, மேசையின் அடியில் பின்பக்கமாக உள்ள இரண்டு திருகுகளைத் தளர்த்தினால் தலை மட்டும் கழன்று வரும். பாரமாக இருக்கும், ஓர் அரிசிச் சாக்கில் பழைய துணி சுற்றி வையுங்கள். பொபின் கேஸ், பொபின், நீங்கள் பாவிக்கும் ஊசி, நூல், பிழையாகத் தைத்த துணித் துண்டு ஆகியவற்றையும் அதே சாக்கில் போடுங்கள். அந்தத் துணித் துண்டைப் பார்த்தே பழுது பார்ப்பவர் பாதி நோயைச் சொல்லிவிடுவார். வேலை முடிந்ததும் உங்கள் நூலிலேயே, உங்கள் முன்னாலேயே தைத்துக் காட்டச் சொல்லி, அதன் பிறகு சாக்கைக் கட்டுங்கள்.